வயிற்றுவலி யாருடையது? ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

ஆலோசகரான என்னிடம் தொலைபேசியில் ஒரு பிள்ளையின் அம்மா சொன்ன முதல் வாக்கியம் இது: "எங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க, பொண்ணுக்குத்தான் கொஞ்சம் பார்க்கணும்." யாரும் கேட்காமலே ஒருவர் "எங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்றால் அதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். குறித்தும் வைத்தேன். அப்புறம் அந்தக் குறிப்பை மறந்துவிட்டேன்.

இங்கே எழுதுவது ஒரே குடும்பத்தின் கதை அல்ல. ஏறக்குறைய ஒரே பாதையில் வந்துபோன சில குடும்பங்களைச் சேர்த்துக் கட்டிய நிகழ்வு. வயது, உறவு, பிள்ளைகளின் எண்ணிக்கை, பேச்சு எல்லாம் மாற்றப்பட்டவை. நான் செய்த தவறை மட்டும் மாற்றவில்லை.

வந்தபோது இருந்த நிலை

மகளுக்கு 13 வயது. மூன்று மாதமாகக் காலையில் வயிற்றுவலி. எழுந்ததும் தொடங்கும், சுருண்டு படுத்துவிடுவாள், பத்து பதினொரு மணிக்குமேல் தானாக அடங்கும். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் பள்ளிக்குப் போகிறாள். குழந்தை மருத்துவர் ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு உடலில் நோய் ஏதும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். அப்படி ஒரு கடிதத்தைப் பார்க்காமல் வயிற்றுவலிக்கு நான் கவுன்சலிங் தொடங்குவதில்லை. மனம்தான் காரணம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டு, பிறகு குடலில் ஏதாவது இருப்பது தெரியவந்தால் அந்தப் பிழையை எதைக்கொண்டும் சரிக்கட்ட முடியாது.

படிப்பில் கெட்டி. தோழிகள் உண்டு. கேலியோ மிரட்டலோ இருந்ததாகத் தெரியவில்லை. பள்ளியிலும் விசாரித்தாயிற்று.

வீட்டில் நான்கு பேர்: அப்பாவுக்கு 45, அம்மாவுக்கு 41, மகள், 9 வயதுத் தம்பி. எல்லோரையும் வரச் சொல்லியிருந்தேன். "அவன் சின்னப் பையன், அவன் எதுக்கு" என்று தம்பியை விட்டுவிட்டு மூவர் வந்தார்கள். அப்பா கதவோரத்து நாற்காலியில் அமர்ந்து கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். அம்மா எதிர்ச்சுவர் ஓரம். மகள் கேட்காமலே நடு நாற்காலிக்குப் போனாள். அம்மாவிடம் ஏதாவது கேட்டால் அவர் மகளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். அப்பாவும் அப்படித்தான். 50 நிமிடத்தில் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. இதை அன்றே எழுதியிருக்கிறேன். நாற்காலிகளைப் படமாகக்கூட வரைந்திருக்கிறேன்.

முதல் ஆறு அமர்வுகள்: மகள் மட்டும்

படத்தை வரைந்த கையோடு, மகளுக்குத் தனிநபர் சிகிச்சை போதும் என்று முடிவெடுத்தேன். அதற்கு நியாயமும் இருந்தது. பள்ளிக்குப் போக முடியாத அளவு பதற்றத்துக்கு சிபிடி எனப்படும் அறிதல் நடத்தைச் சிகிச்சை நன்கு பரிசோதிக்கப்பட்ட வழி. உளப்பகுப்பாய்வில் பயின்று அதிலிருந்து விலகி வந்த ஏரன் பெக், 1960களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு உள்ளவர்களைக் கவனித்து இதை உருவாக்கினார். ஒரு நிகழ்ச்சிக்கும் அது கிளப்பும் உணர்ச்சிக்கும் நடுவே, நமக்கே தெரியாமல் ஓர் எண்ணம் வந்து போகிறது. அந்த எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, அது உண்மைதானா என்று சேர்ந்து சோதித்துப் பார்க்கலாம். அதோடு, பயப்படும் இடத்தை ஒரேயடியாகத் தவிர்க்காமல் படிப்படியாக நெருங்க வேண்டும். எங்கள் படிகள் இவை: பள்ளி வாசல்வரை போய்த் திரும்புவது, ஒரு பீரியட் உட்காருவது, மதியம்வரை, பிறகு முழு நாள்.

முதல் இரண்டு அமர்வுகளில் உத்தி என்று எதுவும் கிடையாது, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். வேஷமில்லாமல் எதிரே உட்கார்வது, நிபந்தனை போடாமல் மதிப்பது, அவர்கள் பார்வையிலிருந்து புரிந்துகொள்வது என்று ஆலோசகரிடம் இருக்க வேண்டிய மூன்றை அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1957இல் வரையறுத்தார். மனிதர் மாற இப்படிப்பட்ட உறவே போதும் என்றும் சொன்னார். போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அது இல்லாமல் 13 வயதுப் பிள்ளை வாயைத் திறக்காது.

மூன்றாவது வாரம் ஒரு நோட்டைக் கொடுத்து நான்கு கட்டம் போடச் சொன்னேன்: நேரம், வலி பத்துக்கு எத்தனை, அப்போது என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது. பென்சிலில் ஒழுங்காக எழுதி வந்தாள். அதில் மூன்று வரிகள்:

"ஞாயிறு ராத்திரி 8.40. வலி 7. டிவி ஓடிட்டு இருந்துச்சு. யாரும் பேசல. நாளைக்கு ஸ்கூல்."

"புதன் ராத்திரி 10. வலி 8. அப்பா வந்தார். அம்மா ரூமுக்குப் போய்ட்டாங்க."

"சனி சாயந்திரம். வலி 0. அப்பா, அம்மா ரெண்டு பேரும் என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க."

முதல் வரியில் "நாளைக்கு ஸ்கூல்" என்பதை மட்டும் வட்டமிட்டேன். மற்ற இரண்டைப் படித்தேன், தாண்டிப் போனேன். நான் பள்ளிப் பயத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், கிடைத்தது. நான்காவது வாரம் மூன்று நாள் பள்ளிக்குப் போனாள். எல்லோருக்கும் சந்தோஷம். ஆறாவது வாரம் மறுபடி ஒரே நாள்.

மேற்பார்வையில் கேட்ட கேள்வி

ஆலோசகர்கள் தங்கள் வழக்குகளை மூத்தவர் ஒருவரிடம் காட்டி ஆலோசிப்பது இந்தத் தொழிலின் ஒழுங்கு. மேற்பார்வையாளர் நோட்டைப் புரட்டிவிட்டு, "மூணாவது வரியை எப்போ படிச்சீங்க?" என்றார். மூன்று வாரத்துக்கு முன்பே என்றேன். "வலி வந்தா யார் யார் பக்கத்துல வர்றாங்க?" என்று அடுத்த கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. நான் அதைக் கேட்டதே இல்லை.

1954 முதல் சில ஆண்டுகள், அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் நோயாளியோடு குடும்பத்தையும் வார்டிலேயே தங்கவைத்துக் கவனித்தவர் மர்ரே போவென். இரண்டு பேருக்கு நடுவே இறுக்கம் கூடும்போது மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், அதனால் அந்த இருவருக்கும் கொஞ்சம் மூச்சு விடக் கிடைக்கும் என்றார். இதற்கு அவர் வைத்த பெயர் முக்கோணம். நான் முதல் நாளே அதைப் படமாக வரைந்திருந்தேன். நடு நாற்காலியைத்தான் சொல்கிறேன்.

நால்வரும் ஒரே அறையில்

இந்த முறை தம்பி கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மாரா செல்வினி பாலாட்ஸோலியும் மிலான் நகரத்து சகாக்களும் 1980இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த ஒரு கேள்வி முறை உண்டு. இருவருக்கிடையே நடப்பதை அவர்களிடமே கேட்காமல் மூன்றாவது ஆளிடம் கேட்பது. குற்றம் சாட்டுவதுபோல் இருக்காது, பதிலும் எங்கிருந்தோ வந்து விழும்.

தம்பியிடம் கேட்டேன்: "அக்காவுக்கு வலி வந்தா முதல்ல யார் வருவாங்க?"

"அம்மா. அப்புறம் அப்பா. அப்பாதான் வென்னீர்ப் பை கொண்டு வருவார்."

"அப்புறம்?"

"ரெண்டு பேரும் அக்கா கட்டில்ல உட்காருவாங்க. அன்னிக்கு மட்டும் பேசிப்பாங்க."

"எதைப் பத்தி?"

"அக்கா வயித்தைப் பத்தி."

அம்மா இடைமறித்தார்: "அப்படியெல்லாம் இல்லைடா, நாங்க தினமும்தான் பேசுறோம்."

"எப்போ?" என்றான். கிண்டல் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான். அப்பா மடியில் கிடந்த கைபேசியை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்தார்.

இந்த இடத்தில் அவசரப்பட்டால் எல்லாம் கெடும். "அப்போ இவ நடிக்கிறாளா?" என்றுதான் பெற்றோருக்கு முதலில் தோன்றும். அவள் நடிக்கவில்லை. குடும்பச் சிகிச்சை முன்னோடிகளில் ஒருவரான சால்வடோர் மினுச்சினும் சகாக்களும் சர்க்கரை நோயுள்ள சில பிள்ளைகளை, பெற்றோர் வாக்குவாதம் செய்வதை ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னிருந்து பார்க்க வைத்தார்கள். மன உளைச்சலில் கூடும் ஒருவகைக் கொழுப்பு அமிலத்தின் அளவு அந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறியது. பிறகு பிள்ளையை உள்ளே கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்ததும் பெற்றோருக்கு இறங்கியது, பிள்ளைக்கு இறங்கவில்லை. 1978இல் வெளிவந்த இந்த ஆய்வு மிகச் சில குடும்பங்களை மட்டும் கொண்டது, பின்னர் விமர்சனத்துக்கும் உள்ளானது. அதனால் இதை நிரூபணம் என்று நான் சொல்வதில்லை. ஆனால் பெற்றோரிடம் இந்தக் கதையைச் சொன்னால், "நடிக்கிறாளா" என்ற கேள்வி அதோடு நின்றுவிடுகிறது.

குடும்பச் சிகிச்சைக்கு ஓர் அசிங்கமான பழைய கணக்கும் உண்டு. மனச்சிதைவு நோய்க்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்று 1940களின் இறுதியில் எழுதிவைத்தார்கள். எத்தனையோ அம்மாக்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். பெற்றோரை அறைக்குள் அழைப்பதற்கு அர்த்தம் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது அல்ல என்பதை முதல் அமர்விலேயே சொல்லிவிடுவது என் வழக்கம்.

இரண்டாவது அமர்வில் மகளையும் அம்மாவையும் இடம் மாறி உட்காரச் சொன்னேன். குடும்பத்தில் யாருக்கு எந்த இடம் என்பதை மாற்றிப் பார்க்கும், மினுச்சின் வழிவந்த கட்டமைப்புச் சிகிச்சையில் நாற்காலியும் ஒரு கருவி. அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மா, தம்பிக்குப் பக்கத்தில் மகள். நடுவிலிருந்து நகர்ந்ததும் அவளுக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை, சட்டை நுனியைச் சுருட்டத் தொடங்கினாள். பெற்றோருக்கு ஒரு வேலை கொடுத்தேன்: வலி வரும் காலையில் என்ன செய்வது என்று இருவரும் இங்கேயே பேசி முடிவெடுக்க வேண்டும், மகளிடம் கேட்கக் கூடாது. 20 நிமிடம் பிடித்தது. நான்கு முறை மகள் பக்கம் திரும்பினார்கள், நான்கு முறையும் கையைக் காட்டித் தடுத்தேன். கடைசியில் முடிவானது: வென்னீர்ப் பை, பத்து நிமிடம், பிறகு பள்ளி. காய்ச்சலோ வாந்தியோ இருந்தால் மட்டும் மருத்துவர். அதோடு தினமும் இரவு பத்து நிமிடம் இருவரும் பேச வேண்டும், மகளைப் பற்றி மட்டும் பேசக் கூடாது.

ஒரு முயற்சி படுதோல்வி. மைக்கேல் வைட்டும் டேவிட் எப்ஸ்டனும் வளர்த்த கதையாடல் சிகிச்சையில், பிரச்சனையை ஆளிடமிருந்து பிரித்து அதற்கொரு பெயர் வைப்பார்கள். சின்னப் பிள்ளைகளிடம் அருமையாக வேலை செய்யும். வலிக்கு ஒரு பெயர் வைக்கலாமா என்று இவளிடம் கேட்டேன். "வயிற்றுவலின்னே இருக்கட்டும்" என்றாள். தம்பிதான் சிரித்தான். சரி என்று விட்டுவிட்டேன்.

நான்காவது அமர்வில் அப்பா சொன்னார்: "மூணு நாள் பேசினோம். நாலாவது நாள் பேச ஒண்ணும் இல்லை." பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேசக்கூடிய எல்லை அதுதான் என்று புரிந்தது.

இருவர் மட்டும்

தம்பதியரைச் சேர்த்து உட்கார வைப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்ப்பது என் விதி. முதன்மையான காரணம் வன்முறை. அடியோ மிரட்டலோ, பணத்தையும் நடமாட்டத்தையும் பிடித்து வைப்பதோ இருக்கும் வீட்டில் ஜோடியாகக் கவுன்சலிங் செய்வது ஆபத்து. அறையில் சொன்ன உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். "அவருக்குக் கோபம் வந்தா உங்களுக்குப் பயமா இருக்குமா?" என்று இருவரிடமும் கேட்டேன். இல்லை என்றார்கள், அதை நம்பவும் முடிந்தது.

ரகசியம் பற்றிய விதியும் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்தாயிற்று: சிகிச்சையின் போக்கையே பாதிக்கும் ஒன்றைத் தனியாக என்னிடம் சொன்னால், அதை மற்றவரிடம் சொல்ல உதவுவேன், மறைக்க உதவமாட்டேன். ஆலோசகருக்கு ஆலோசகர் இந்த விதி மாறும். தம்பதியராகப் போகிறவர்கள் முதல் நாளே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இந்த வழக்கில் அது உடனே தேவைப்பட்டது. "நான் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கேன். அவருக்குத் தெரியாது," என்றார் அம்மா.

ஒரு வாரம் யோசித்து அவரே சொன்னார், என் முன்னால். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும். ஏழு மாசமா தெரியும்," என்றார். மகளின் வலி தொடங்கி அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. இரண்டையும் காரண காரியமாக முடிச்சுப் போடமாட்டேன், ஆனால் தேதிகளைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

ஒருவர் கிளம்ப ஒரு காலை வாசலில் வைத்திருக்கும்போது வழக்கமான தம்பதியர் சிகிச்சை தொடங்கினால் அது ஒட்டாது. இப்படிப்பட்டவர்களுக்காக பில் டோஹர்ட்டி வகுத்த ஒரு குறுகிய முறை உண்டு. அதிகபட்சம் ஐந்து அமர்வு, முன்னால் மூன்று வழிகள்: இப்படியே இருப்பது, பிரிவது, அல்லது ஆறு மாதம் பிரிவுப் பேச்சை எடுக்காமல் முழுமூச்சாக முயல்வது. மூன்றே அமர்வில் மூன்றாவது வழிக்கு வந்தார்கள். அரைமனதோடுதான்.

அதன்பின் 11 அமர்வுகள், 1980களில் சூ ஜான்சனும் லெஸ் கிரீன்பெர்க்கும் கனடாவில் உருவாக்கிய, உணர்வை மையமாகக் கொண்ட தம்பதியர் சிகிச்சை. இந்த முறையில் யார் சரி என்ற பஞ்சாயத்து இல்லை. சுற்றிச் சுற்றி வரும் ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். இவர்களுடைய ஆட்டம் பழைய ஆட்டம்: அம்மா கேட்பார், அப்பா வாயை மூடுவார், அப்பா மூட மூட அம்மாவின் குரல் உயரும்.

நான்காவது அமர்வில் அம்மா பேசப் பேச அப்பா கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். "பாருங்க, இதுதான். சுவர்கிட்ட பேசுற மாதிரி," என்றார் அம்மா. சண்டையின்போது தம்பதியரின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தவர் ஜான் காட்மன். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிரே இருப்பவர் சொல்வது சரியாக ஏறாது, அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அது நினைவுக்கு வர, அப்பாவைத் தன் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணச் சொன்னேன். நான் கடிகாரம் பார்த்தேன். 30 நொடியில் 56. நிமிடத்துக்கு 112. முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். "நான் இத்தனை வருஷமா அலட்சியம்னு நினைச்சுட்டு இருந்தேன்," என்றார். அன்று அதற்குமேல் பேசவில்லை.

அப்பாவின் அரை மணி நேரம்

இரவு ஏன் தாமதமாக வருகிறார் என்பதும் அதன்பிறகு வெளிவந்தது. வேலை முடிந்து நேரத்துக்கே வந்துவிடுகிறார். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். ஓராண்டுக்கு முன் தாயை இழந்தவர். அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் பேசவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தைக் கொடுத்தேன். மொத்தம் 27 மதிப்பெண், 10ஓ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய மனச்சோர்வு. இவருக்கு 16. ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. "சில நாட்கள்" என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தார். இந்தக் கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்கக் கூடாது. திட்டம் ஏதும் உண்டா, வழி யோசித்தீர்களா என்று நேராகவே கேட்டேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. திட்டம் இல்லை. அந்த எண்ணம் வந்தால் யாரை அழைப்பது என்று ஒரு தாளில் எழுதினோம், மனைவிக்கும் சொல்ல ஒப்புக்கொண்டார். அந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்த்தார், மருந்து தேவை என்று முடிவெடுத்தவர் அந்த மருத்துவர். தனிநபர் சிகிச்சைக்கு வேறொரு ஆலோசகரிடம் அனுப்பினேன். ஒருவருக்குத் தனி ஆலோசகராகவும் இருவருக்கும் பொது ஆலோசகராகவும் நானே இருந்தால், அடுத்த அமர்வில் மனைவிக்கு நான் யார் பக்கம் என்ற கேள்வி வந்துவிடும்.

திரும்ப மகளிடம்

தம்பதியர் அமர்வுகள் பாதி நடந்துகொண்டிருந்தபோதே மகளைத் தனியாக மறுபடி நான்கு முறை பார்த்தேன். அதே சிபிடி, அதே படிகள். இந்த முறை நின்றது. முதல் தடவையும் சிகிச்சை முறையில் கோளாறு இருக்கவில்லை. வீட்டில் அவளுக்கு இருந்த வேலையை யாரும் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளாத நேரத்தில், வலியை மட்டும் எடுக்கப் பார்த்தேன். மூன்றாவது வாரமே நோட்டின் மூன்றாவது வரியை ஒழுங்காகப் படித்திருந்தால் அவளுக்குச் சில வாரங்களாவது மிச்சமாகியிருக்கும். தனிநபரா, தம்பதியரா, குடும்பமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது, எல்லோரும் ஒருமுறை வாருங்கள், யாரை எப்போது பார்ப்பது என்பதை அப்புறம் முடிவு செய்வோம் என்பதுதான்.

பெற்றோர் பிரியவில்லை. எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் எழுதமாட்டேன். தம்பதியரின் சச்சரவுகளில் 69 சதவீதம் தீராத வகை என்று காட்மன் கணக்குச் சொல்கிறார். இவர்களுக்கும் பணம், விடுமுறை, யார் பக்கத்து உறவினர் என்று அப்படி ஒரு மூட்டை இருக்கிறது. வக்கீலின் எண் அம்மாவின் கைபேசியில் இன்னும் உண்டு என்று அவரே சொன்னார். கணவர் தலையாட்டினார். அப்பாவின் மதிப்பெண் 6க்கு இறங்கியிருந்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு தொடர்சந்திப்பு. கதவோரத்து நாற்காலியில் இந்த முறை தம்பி, கையில் அப்பாவின் கைபேசி. மகள் ஜன்னல் பக்கம். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"போன வாரம் வந்துச்சு. பரீட்சைக்கு. நாலுதான் இருக்கும்."

"எனக்குத் தெரியவே தெரியாதே, சொல்லியிருக்கலாமே," என்றார் அம்மா.

"சொல்ற அளவுக்கு இல்லம்மா."